மகனுக்கு மறுக்கப்பட்ட வீடு

தனிமனிதர் ஒருவர் ஆயுள் முழுவதும் தேடித்தேடிச் சேர்த்த பொருட்கள் அவருக்குப் பின் என்னவாகின்றன? வாரிசுகள் பங்கிட்டுக்கொள்வார்கள், சில ஏலத்திற்குப் போகும், சில பரணில் கிடந்து மட்கும். அரிதாக ஒன்றிரண்டு சேகரிப்புகள் அருங்காட்சியகமாகிப் பிழைத்துக்கொள்கின்றன. அப்படிப் பிழைத்த ஒன்றைக் காண்பதற்காக, நண்பர்கள் நாங்கள் நால்வர் ஒரு மழைநாளின் முற்பகலில் லண்டனின் லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் சதுக்கத்திற்குச் சென்றிருந்தோம். கட்டடக் கலைஞர் சர் ஜான் சோன் வாழ்ந்து மறைந்த வீடு அங்கே இருக்கிறது. அவ்வீடே அவர் பெயரிலான அருங்காட்சியகம்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது அருங்காட்சியகம் என்று தோன்றாது. சதுக்கத்தின் வடபுறம் வரிசையாக நிற்கும் செங்கல் வீடுகளுள் ஒன்று, வெண்கல் முகப்பு வைத்துச் சற்றே முன்தள்ளி நிற்கிறது, அவ்வளவுதான். உள்ளே இடம் குறைவு என்பதால் சிறு சிறு குழுக்களாகவே அனுமதிக்கிறார்கள். எங்கள் தோள்பைகளைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். ஏன் என்பது உள்ளே நுழைந்ததும் விளங்கியது. திரும்பினால் தோள் இடிக்கும் தொலைவில் ஒரு ரோமானியச் சலவைக்கல் தலை. நிமிர்ந்தால் ஒரு கிரேக்கத் தூணின் சிதைந்த உச்சி. குனிந்தால் சாம்பல் கலசங்கள். அருகிலேயே சீனத்து ஓடுகள், நாற்காலிகள், கடிகாரங்கள், பெரு நாட்டு மண்பாண்டங்கள். பெரும்பாலானவற்றின் அருகே விளக்கச் சீட்டு கிடையாது. கால வரிசையும் இல்லை, தேச வரிசையும் இல்லை. எகிப்தும் ரோமும் இங்கிலாந்தும் ஒரே சுவரில் தோளோடு தோள் உரசி நிற்கின்றன.

காலை உணவறையில் நெடுநேரம் நின்றோம். மிகச் சிறிய அறை. அதன் நடுவே, சுவர்களைத் தொடாமல் நான்கு மூலைகளில் மட்டும் ஊன்றி நிற்கும் ஆழமற்ற ஒரு குவிமாடம். அதன் விளிம்புக்கு அப்பால், கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து வெளிச்சம் வழிந்து இறங்குகிறது. அங்கங்கே பதித்த குவிந்த கண்ணாடிகளில் அறை முழுவதும் சின்னஞ்சிறியதாகிப் பலமுறை தெரிகிறது. இடம் போதாத ஒரு வீட்டில் ஒளியைக் கொண்டே இடத்தை உண்டாக்கியிருக்கிறார் சோன். அவருடைய மேதைமை இன்னதென்று அறிய அந்த ஓர் அறை போதும்.

சோன் 1753-இல் பிறந்தார். தந்தை செங்கல் கட்டும் கொத்தனார். குடும்பப் பெயரின் இறுதியில் ஓர் எழுத்தைத் தாமே கூட்டிக்கொண்டு, பெயரைச் சற்றுக் கண்ணியமாக்கிக்கொண்டவர் அவர். பதினைந்தாம் வயதில் கட்டடக் கலைஞர் ஜார்ஜ் டான்ஸிடம் வேலைக்குச் சேர்ந்தார். பின்னர் ராயல் அகாடமியில் பயின்று 1776-இல் தங்கப் பதக்கம் வென்றார். அரசரின் உதவித்தொகையில் 1778-இல் இத்தாலிக்குப் புறப்பட்டு, ரோமாபுரியின் இடிபாடுகளை அளந்தும் வரைந்தும் இரண்டாண்டுகள் திரிந்தார். 1788-இல் இங்கிலாந்து வங்கியின் கட்டடப் பணிகளுக்குப் பொறுப்பேற்றவர், 45 ஆண்டுகள் அப்பொறுப்பில் இருந்தார்.

1784-இல் எலிசபெத் ஸ்மித் என்னும் பெண்ணை மணந்தார். அவரை வளர்த்த மாமன் செல்வந்தரான கட்டட ஒப்பந்தக்காரர். அவர் இறந்து, சொத்து இவர்களுக்கு வந்த பிறகு, 1792-இல் இந்தச் சதுக்கத்தில் 12ஆம் எண் வீட்டை வாங்கி இடித்துக் கட்டினார்கள். பின்னர் 13, அதன் பின்னர் 14. மூன்று வீடுகளின் பின்புறங்களையும் இணைத்து, சேகரிப்பு பெருகப் பெருக வீடும் வளர்ந்தது. 1806-இல் ராயல் அகாடமியின் கட்டடக் கலைப் பேராசிரியரானதும் இந்தச் சேகரிப்புக்கு ஒரு நோக்கம் வாய்த்தது. அப்போது ஐரோப்பாவில் போர்க்காலம். ஆங்கிலேய மாணவர்கள் இத்தாலிக்குப் போய்வருவது எளிதன்று. தம் விரிவுரை நாட்களை ஒட்டி வீட்டை மாணவர்களுக்குத் திறந்துவிட்டார் சோன். ரோமுக்குச் செல்ல இயலாதவர்கள் ரோமின் துண்டுகளைத் தொட்டுப் பார்க்கட்டும் என்று நினைத்தார். இங்கிருக்கும் சுதை வார்ப்புகள் பலவற்றின் பொருள் அதுதான். அவை அலங்காரத்திற்காக வைத்தவை அல்ல, பாடம் நடத்துவதற்காக வைத்தவை.

ஆயினும் இந்த வீட்டை ஒரு நல்லாசிரியரின் கொடை என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடந்துவிட முடியவில்லை. அறை அறையாகச் செல்லச் செல்ல, வேறொரு கதை சுவர்களிலிருந்து எட்டிப் பார்த்தபடியே இருந்தது.

சோனுக்குப் பிழைத்த பிள்ளைகள் இருவர். மூத்தவர் ஜான், 1786-இல் பிறந்தவர். இளையவர் ஜார்ஜ், 1789-இல் பிறந்தவர். இருவரும் கட்டடக் கலைஞர்களாக வேண்டும், தம் பெயரில் ஒரு பரம்பரையே தொடங்க வேண்டும் என்பது கொத்தனார் மகனின் கனவு. அந்தக் கனவுக்காகவே 1800-இல் லண்டனுக்கு மேற்கே ஈலிங்கில் பிட்ஸ்ஹேங்கர் என்னும் மாளிகையை வாங்கிப் புதுப்பித்தார். பிள்ளைகள் கலைப்பொருட்களிடையே வளர்ந்தால் கலை தானாக உள்ளே இறங்கும் என்று நம்பினார். இறங்கவில்லை. மூத்தவருக்கு உடல்நலமும் இல்லை, ஊக்கமும் இல்லை. இளையவருக்கு எழுத்திலும் நாடகத்திலும்தான் நாட்டம். 1810-இல் அந்த மாளிகையைச் சோன் விற்றுவிட்டார். அங்கே சேர்த்தவை சதுக்கத்து வீட்டிற்கு வந்தன. இன்று நாம் பார்க்கும் நெரிசலுக்கு அதுவும் ஒரு காரணம்.

ஓவிய அறைக்குள் நுழைந்தோம். நான்கு மீட்டரைச் சற்றே தாண்டும் நீளமுள்ள சிறிய அறை. ஆனால் அதில் நூற்றுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் இருக்கின்றன. பணியாளர் ஒருவர் சுவரில் இருந்த பித்தளைப் பிடியைப் பற்றி இழுத்தார். சுவரே கதவுபோல் திறந்தது. உட்புறத்திலும் ஓவியங்கள், அதற்குப் பின்னும் ஓவியங்கள். எங்களுள் ஒருவர் தம்மை மறந்து வியப்பொலி எழுப்பிவிட்டார். இந்த அறையின் தலையாய செல்வம், வில்லியம் ஹோகார்த் 1730-களில் தீட்டிய எட்டு ஓவியங்களின் வரிசை. தமிழில் 'ஊதாரியின் பயணம்' எனலாம். சோன் 1802-இல் 570 கினிகளுக்கு வாங்கியவை.

கதை எளியது. கஞ்சத்தனத்தால் பணம் சேர்த்த தந்தை இறக்கிறார். மகன் டாம் வருகிறான். முதல் ஓவியத்திலேயே தையற்காரன் புதுச்சட்டைக்கு அவனை அளவெடுத்துக்கொண்டிருக்கிறான். அடுத்தடுத்த ஓவியங்களில் கேளிக்கை, குடி, கடன், பணத்துக்காக ஒரு முதியவளுடன் திருமணம், சூதாட்டம். ஏழாவதில் கடனாளிகளின் சிறை. எட்டாவதில் மனநோயாளிகளின் விடுதி. தந்தை சேர்த்ததை மகன் தொலைக்கும் இந்தக் கதையைச் சோன் வாங்கியபோது ஜார்ஜுக்கு வயது பன்னிரண்டு அல்லது பதின்மூன்று இருக்கும். தம் வீட்டுச் சுவரில் என்ன மாட்டுகிறோம் என்று அப்போது அவர் எண்ணியிருக்க வழியில்லை.

1811-இல் ஜார்ஜ் பெற்றோரின் விருப்பத்திற்கு மாறாக மணம் செய்துகொண்டார். கடன் பெருகியது. தந்தையிடம் பணம் கேட்டார், தந்தை மறுத்தார். 1814-இல் கடனுக்காகவும் மோசடிக்காகவும் சிறை சென்றார். தாய்தான் பணம் கட்டி மீட்டார். விடுதலையான அதே ஆண்டில், 1815 செப்டம்பரில், 'சாம்பியன்' என்னும் வார இதழில் பெயரில்லாமல் இரண்டு கட்டுரைகள் வெளிவந்தன. இங்கிலாந்தில் கலைகள், அதிலும் கட்டடக் கலை, தாழ்ந்து கிடப்பதைப் பற்றிய கட்டுரைகள். அவை சோனின் கட்டடங்களை எள்ளி நகையாடின. இந்த வீட்டையே ஒரு கல்லறைக்கு ஒப்பிட்டன. எழுதியது யார் என்பது சில வாரங்களில் தெரிந்துவிட்டது. ஜார்ஜ்.

தனக்குச் சாவடி கொடுத்துவிட்டான் என்று தாய் சொன்னதாகக் கூறுவர். ஏற்கெனவே நோயுற்றிருந்த அவர் 1815 நவம்பர் 22 அன்று இறந்தார். பித்தப்பைக் கற்களே நோய்க்குக் காரணம் என்கிறார்கள். ஆனால் சோனுக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை. அந்தக் கட்டுரைகளை வெட்டிச் சட்டமிட்டு, ஜார்ஜ் தந்த மரண அடிகள் என்று அதிலேயே எழுதி, வீட்டில் மாட்டினார். ஹோமரின் நாட்டுச் சலவைக்கல்லும் ஹோகார்த்தின் ஓவியமும் போல அந்த இதழ்த் துண்டும் அவருடைய சேகரிப்பில் ஒரு பொருளாயிற்று. இதைப் படித்தபோது எங்களுக்குச் சற்று நடுக்கமாகத்தான் இருந்தது. மறக்க விரும்பாத ஒருவர் எதையெல்லாம் சேகரிப்பார்!

இந்த இடத்தில் ஜார்ஜுக்காகவும் ஒரு சொல் சொல்ல வேண்டும். இலக்கிய வாசகர்களாகிய நாமே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது? நாவல்களும் நாடகங்களும் எழுதினார். ஜெர்மன் மொழியிலிருந்து மொழிபெயர்த்தார். எழுதியே பிழைக்க முயன்று, வறுமையிலிருந்து மீளாமலே 1860-இல் மறைந்தார். தந்தை வரைந்துவைத்த படத்தின்படி எழும்ப மறுத்த ஒரு கட்டடம் என்று அவரைக் கருதலாம். அதற்காக, அந்தக் கட்டுரைகளில் இருந்த வன்மம் நியாயமாகிவிடாது. ஆனால் கல்லைச் செதுக்குவதுபோல் பிள்ளைகளைச் செதுக்க முனைந்தவரின் பிழையும் அதனருகே இருக்கிறது.

படியிறங்கி நிலவறைக்குச் சென்றோம். நடுவே எகிப்து மன்னர் முதலாம் சேத்தியின் ஈமப்பேழை. ஒரே கல்லில் குடைந்தது, மூவாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பழையது. 1817-இல் பெல்ஸோனி என்னும் இத்தாலியர் மன்னர்களின் பள்ளத்தாக்கில் அந்தக் கல்லறையைக் கண்டறிந்தார். பேழை லண்டனுக்கு வந்தது. 2000 பவுண்டு விலை என்றபோது பிரிட்டிஷ் அருங்காட்சியகம் வேண்டாம் என்றது. 1824-இல் சோன் வாங்கினார். உள்ளே கொண்டுவர வீட்டின் பின்சுவரை இடிக்க வேண்டியிருந்தது. 1825 மார்ச்சில் மூன்று மாலைகளில் விருந்து வைத்தார். ஓவியர் டர்னர் உட்பட ஏறத்தாழ தொள்ளாயிரம் விருந்தினர். பேழையினுள் விளக்கேற்றினால் கல் மெல்லிய மஞ்சளாக ஒளிவிடும். சுவரெங்கும் வெட்டப்பட்ட சித்திர எழுத்துகள் துலங்கும். சாம்போலியன் அவ்வெழுத்தின் மருமத்தை விடுவித்து மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. எழுதியிருந்தது என்னவென்று அங்கே கூடியிருந்தவர்களுக்குத் தெரியாது. சேத்தியின் உடலோ 1881-இல் வேறோரிடத்தில் கண்டெடுக்கப்பட்டு, இன்று கெய்ரோவில் இருக்கிறது. பேழை ஒரு நாட்டில், உடல் ஒரு நாட்டில்.

அதே 1824-இல்தான் சோன், நிலவறையை ஒட்டி 'துறவியின் கூடம்' என்று ஓர் அறையை அமைத்தார். பாத்ரே ஜியோவான்னி என்று ஒரு துறவி அங்கே வாழ்ந்ததாக ஒரு கற்பனை. ஜியோவான்னி என்பது ஜான் என்பதன் இத்தாலிய வடிவம். சன்னலுக்கு வெளியே முற்றத்தில், பழைய வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையின் கற்களைக் கொண்டு இடிந்த மடாலயம்போல் ஒன்றைச் செய்துவைத்திருக்கிறார். அங்கே கல்லறை என்று இருப்பதில் கிடப்பது எலிசபெத்தின் நாய்க்குட்டி ஃபானி. முந்தைய ஆண்டுதான், 1823-இல், மூத்த மகன் ஜானும் இறந்திருந்தார். வேடிக்கைக்காகச் செய்தேன் என்று காட்டிக்கொள்ளும் அந்த இருண்ட அறையில் தனித்துவிடப்பட்ட ஒரு கிழவரைத்தான் நாங்கள் கண்டோம். மேல்மாடியில் மனைவியின் படுக்கையறையை ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகள் அவர் இருந்தபடியே வைத்திருந்தார். பிறகுதான் அதில் கட்டட மாதிரிகளை அடுக்கினார்.

இனி, சட்டத்திற்கு வருவோம். மூத்த மகன் மறைந்த பின்னர், இயல்பாக அனைத்தும் போய்ச் சேர வேண்டியவர் ஜார்ஜ். அதைத் தடுக்கச் சோன் உயிலை மட்டும் நம்பவில்லை. நாடாளுமன்றத்தை நாடினார். 1833-இல் அவருக்கென்றே ஒரு தனிச்சட்டம் நிறைவேறியது. தம் மறைவுக்குப் பின் வீடும் பொருட்களும் அறங்காவலர்களிடம் செல்லும். பொதுமக்களுக்கும் மாணவர்களுக்கும் கட்டணமின்றித் திறந்திருக்கும். இயன்றவரை தாம் விட்டுச்சென்ற நிலையிலேயே பாதுகாக்கப்படும். மகனுக்கு உரிய சொத்தைப் பறிப்பதாக ஜார்ஜ் எதிர்த்தார், பலிக்கவில்லை. 1837 ஜனவரி 20 அன்று சோன் காலமானதும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. உயிலில் ஜார்ஜுக்கு விட்டுவைத்தது சிறியதோர் ஆண்டுத்தொகை மட்டுமே. உயில் செல்லாது என்று ஜார்ஜ் வழக்காடினார், தோற்றார். அந்தச் சட்டத்தின் இடத்தில் 1969-இல் வேறோர் ஏற்பாடு வந்தபோதும், வீட்டை அப்படியே காக்க வேண்டும் என்ற கொள்கை மாறவில்லை.

இதில் உள்ள முரணைக் கவனிக்க வேண்டும். சோன் தம் புகழுக்கு உறுதியான ஆதாரமாக நம்பியது இந்த வீட்டை அன்று, இங்கிலாந்து வங்கியை. நாற்பத்தைந்து ஆண்டு உழைப்பு அது. அவருடைய உதவியாளரான ஓவியர் ஜோசப் கேண்டி 1830-இல் அந்த வங்கியை மேலிருந்து பார்ப்பதுபோல் ஓர் ஓவியம் தீட்டினார். அதில் வங்கி, கூரைகள் நீங்கி, ரோமின் இடிபாடுபோலக் காட்சி தருகிறது. அந்த ஓவியமும் இந்த வீட்டில்தான் இருக்கிறது. கற்பனையாய் வரைந்தது நூறாண்டுக்குள் மெய்யாயிற்று. 1925 தொடங்கி ஹெர்பர்ட் பேக்கர் வங்கியைப் புதிதாகக் கட்டியபோது, சோனின் மண்டபங்கள் இடிக்கப்பட்டன. வெளிச்சுவர்தான் பெரும்பாலும் எஞ்சியது. தேசத்தின் கருவூலமாக நின்ற கட்டடம் போயிற்று. மகன்மேல் கொண்ட கோபத்தில் சட்டத்தால் பூட்டப்பட்ட வீடு தங்கிவிட்டது.

முதல் மாடியில் ஒரு தந்த மேசையையும் நாற்காலிகளையும் பார்த்து எங்கள் கால்கள் நின்றன. அவை திப்பு சுல்தானுக்கு உரியவை என்ற நம்பிக்கையில் சோன் வாங்கியவை. வங்காளத்து முர்ஷிதாபாத்தின் வேலைப்பாடு என்று இன்றைய ஆய்வாளர்கள் கருதுகின்றனர். ஹைதராபாத்தின் சாலார் ஜங் அருங்காட்சியகத்திற்குச் சென்றவர்களுக்கு இது வேறொன்றை நினைவூட்டும். அங்கும் தந்த நாற்காலிகள் உண்டு. அவையும் திப்புவுடையவை என்றே சொல்லப்படுகின்றன. ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த 1799-க்குப் பிறகு, திப்புவின் பெயரைச் சுமந்த பொருட்கள் இப்படித்தான் உலகெங்கும் சிதறின. மெய்யாக அவருடையவையும் உண்டு, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டவையும் உண்டு.

அந்த நாற்காலிகள் எங்கள் எண்ணத்தை ஹைதராபாத்துக்கே கொண்டுசென்றன. மூன்றாம் சாலார் ஜங்கான மீர் யூசுப் அலி கானும் சோனைப் போலவே எதையும் விடாமல் சேர்த்தவர். மணம் செய்துகொள்ளாதவர். 1949-இல் வாரிசின்றி மறைந்தார். 1951-இல் அவருடைய திவான் தேவடி மாளிகையிலேயே அருங்காட்சியகத்தை நேரு திறந்துவைத்தார். 1961-இல் நாடாளுமன்றச் சட்டம் வந்தது. 1968-இல் பொருட்கள் மூசி ஆற்றங்கரையின் புதிய கட்டடத்திற்குப் போயின. பழைய மாளிகையோ நாளடைவில் இடிந்து கடைத்தெருக்களுக்கு இடம் விட்டது. அங்கே பொருட்கள் பிழைத்தன, வீடு பிழைக்கவில்லை. இன்ன பொருளை இன்ன வெளிச்சத்தில், இன்னதன் அருகில் வைத்துப் பார்த்தார் என்பது வீட்டோடு போய்விட்டது. சேகரித்தவரின் மனம் பொருட்களில் மட்டும் இருப்பதில்லை; அவற்றை அவர் அடுக்கிய விதத்திலும் இருக்கிறது என்பதைச் சோனின் வீட்டில்தான் நாங்கள் உணர்ந்தோம்.

கடைசியாக ஒன்று. சோன் சில பெட்டகங்களை முத்திரையிட்டு மூடி, அவற்றை 1866, 1886, 1896 ஆகிய ஆண்டுகளில் திறக்க வேண்டும் என்று எழுதிவைத்திருந்தார். நாள், நவம்பர் 22. மனைவி இறந்த நாள். அறங்காவலர்கள் கூடி ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். பொக்கிஷம் எதுவுமில்லை. பெரும்பாலும் பழைய காகிதங்கள். குடும்பப் பிணக்கின் கடிதங்கள். தம்மையும் மகனையும் தெரிந்த ஒருவரும் உயிரோடு இல்லாத காலத்தில், அந்நியர்கள் அதைப் படித்துத் தமக்கு நியாயம் சொல்லட்டும் என்று அந்தக் கிழவர் எண்ணினார் போலும்.

நியாயம் சொல்லும் தகுதி எங்களுக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. வெளியேறும் வழியில், அனுமதிக்கு நாங்கள் எதுவும் செலுத்தவில்லை என்பது நினைவுக்கு வந்தது. ஒரு தந்தை தம் மகனுக்குத் தர மறுத்ததைத்தான் நாங்கள் அந்த முற்பகல் முழுவதும் அனுபவித்திருந்தோம். வாசலில் இருந்த நன்கொடைப் பெட்டியில் ஆளுக்கொரு தொகை போட்டோம். எங்களுள் ஒருவர் மட்டும் இரண்டு முறை போட்டார். ஏன் என்று கேட்டதற்கு, இரண்டாவது ஜார்ஜின் கணக்கு என்றார்.